பண்புசார் ஆய்வைத் தொடங்குபவருக்கு: எல்லையோரத்திலிருந்து ஒரு வழிகாட்டி

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் ஊர்களிலிருந்து முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் படிக்கப் போகும் மாணவர்கள், தலைப்பு உறுதியான கையோடு என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை பேரிடம் படிவம் நிரப்பி வாங்க வேண்டும்?" என்பதுதான். சமூகவியல் படிப்பவரும் செவிலியம் படிப்பவரும் வேளாண் பொருளியல் படிப்பவரும் அதையே கேட்கிறார்கள். எண்ணிக்கை தேவைப்படும் ஆய்வுகள் உண்டு. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாம் எண்ணப்போகும் சொல்லுக்கு எதிரில் இருப்பவர் என்ன பொருள் கொள்கிறார் என்பது தெரியாமல் படிவத்தைத் தூக்கிக்கொண்டு போனால் என்ன ஆகும் என்பதை நான் பட்டு அறிந்திருக்கிறேன். அதைப் பின்னால் சொல்கிறேன். (ஆந்திரத்துச் சித்தூரும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே இருப்பதால், நான் பேசுவது கேரளத்துச் சித்தூர் பற்றி என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.)

இந்த முறை எதற்கு

மனிதர்கள் தங்கள் அனுபவத்துக்கு என்ன பொருள் கொடுக்கிறார்கள், ஒரு முடிவை எப்படி எடுக்கிறார்கள், ஒரு வேலை அந்த இடத்தில் உண்மையில் எப்படி நடக்கிறது என்பவற்றை நேர்காணல், உற்றுநோக்கல், குழு உரையாடல், ஆவணங்கள் ஆகியவற்றின் வழியாகச் சொற்களாகவே திரட்டி, சொற்களாகவே பகுத்துப் பார்ப்பதுதான் பண்புசார் ஆய்வு. "எத்தனை", "எவ்வளவு" என்பவற்றுக்கு இதில் விடை கிடைக்காது. "எப்படி", "ஏன்" என்பவற்றுக்குக் கிடைக்கும்.

கேரளத்தையே எடுத்துக்கொள்ளலாம். எழுத்தறிவும் ஆயுளும் மிகுந்த இந்த மாநிலத்தில்தான், கணக்கெடுப்பில் தமக்கு உடல்நலக் குறைவு என்று சொல்பவர்களின் விகிதம் மிக அதிகமாக வருகிறது. ஆயுள் குறைந்த பீகாரிலோ அது மிகவும் குறைவு. 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அமர்த்தியா சென் இந்த முரணைச் சுட்டிக்காட்டினார். படிப்பும் மருத்துவ வசதியும் கூடிய இடத்தில் எதை நோய் என்று கொள்வது என்ற வரம்பே மாறிவிடுகிறது. வசதி இல்லாத இடத்தில் வலியும் இருமலும் வாழ்க்கையின் பகுதியாகிவிடுகின்றன. எண்ணை மட்டும் பார்த்தால் பீகாரில் ஆரோக்கியம் அதிகம் என்று தோன்றும். பதில் சொன்னவர் "நோய்" என்று எதை நினைத்துச் சொன்னார் என்று உட்கார்ந்து கேட்பவருக்குத்தான் அந்த எண்ணுக்குப் பொருள் பிடிபடும்.

துறைக்குத் துறை

மானிடவியலில் இது தாய்வீட்டு முறை. மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினிக்கு அருகே உள்ள டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கி, அந்த மக்களின் மொழியிலேயே பேசிச் செய்த களப்பணிதான் இன்றும் முன்மாதிரியாகச் சொல்லப்படுகிறது. செவிலியத் துறைக்கு இந்த வழி 1960களில் திறந்தது. கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலர்கள் சான்பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில், இறக்கும் நிலையில் இருக்கும் நோயாளிக்குத் தன் நிலை தெரியுமா, தெரிந்தும் தெரியாதது போல் இருக்கிறாரா, சுற்றி இருப்பவர்கள் அதை எப்படிக் கையாளுகிறார்கள் என்று கவனித்தார்கள். முன்கூட்டியே ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு அதைச் சோதிக்கப் போகாமல், களத்தில் கிடைத்ததிலிருந்து கோட்பாட்டை வளர்த்தெடுக்கும் முறையை அவர்கள் 1967இல் நூலாக எழுதினார்கள்.

கணினித் துறை மாணவர்கள் "எங்களுக்கு இது எதற்கு?" என்று கேட்பார்கள். லூசி சக்மன் என்ற மானிடவியலர் 1980களின் தொடக்கத்தில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு மையத்தில், நகலெடுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தத் திணறியவர்களைப் படம் பிடித்து, அவர்கள் இயந்திரத்தின் முன் நின்று என்ன பேசிக்கொண்டார்கள், எங்கே தயங்கினார்கள் என்று வரிவரியாகப் பார்த்தார். திணறியவர்களில் தேர்ந்த கணினி அறிவியலரும் இருந்தார். இயந்திரம் பயனரின் அடுத்த அடியைப் பற்றிச் செய்துவைத்திருந்த ஊகமும், பயனர் அந்த நேரத்தில் எதிர்கொண்ட நிலைமையும் வேறு வேறாக இருந்தன. எத்தனை பேர் தவறு செய்தார்கள் என்ற அட்டவணையிலிருந்து இது வந்திருக்காது.

நம் பக்கத்துக்கு வந்தால், வேளாண் பொருளியலுக்கு ஆழியாறு தண்ணீரே போதும். பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970இல் கையெழுத்தானது அது, சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டில் அளந்து விடப்பட வேண்டும். அளவு அங்கே எழுதப்படுகிறது. மூலத்தறையிலிருந்து பிரியும் கால்வாயின் கடைமடையில் இருப்பவர் எந்த இரவில் காவல் இருந்தார், யாரிடம் சொல்லி மடையைத் திறந்தார், எந்த வருடம் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினார் என்பது அந்தப் பதிவேட்டில் இருக்காது.

சுற்றுச்சூழல் அறிவியலுக்குப் பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை இருக்கிறது. குளிர்பான ஆலைக்கு எதிரான போராட்டம் 2002 ஏப்ரலில் தொடங்கி, ஆலை 2004 மார்ச்சில் நின்றது. தங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனதை முதலில் சொன்னவர்கள் இரவாளர் பழங்குடிச் சமூகத்து மயிலம்மாளைப் போன்ற, அந்தத் தண்ணீரை அன்றாடம் எடுத்துப் புழங்கிய பெண்கள். தொழிலாளர் ஆய்வுக்கு 2015 செப்டம்பர் மூணாறு: பெரும்பாலும் தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளப் பெண்கள், 20 சதவீத போனஸ் கேட்டு, தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்துவிட்டுத் தாங்களே திரண்டார்கள். போனஸ் எவ்வளவு குறைந்தது என்பது ஒரு கணக்கு. தலைவர்களை ஏன் பக்கத்தில் விடவில்லை என்பது உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி. வரலாற்றுத் துறையில் 1956 நவம்பர் 1 மாநிலப் பிரிவினையை நினைவில் வைத்திருப்பவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே இருக்கின்றன. தேவிகுளம், பீர்மேடு பக்கம் ஆய்வு செய்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

முதற்படி: தலைப்பைக் கேள்வியாக்குங்கள்

"சித்தூர் வட்டத்தில் தமிழ்வழிக் கல்வி" என்பது தலைப்பு, கேள்வி அல்ல. "தாங்கள் தமிழ்வழியில் படித்த பெற்றோர், தங்கள் பிள்ளையை எந்த வழியில் சேர்ப்பது என்று எப்படி முடிவெடுக்கிறார்கள்?" என்பது கேள்வி. இதில் யாரைக் கேட்பது என்பதும், எதைப் பற்றிக் கேட்பது என்பதும் உள்ளே இருக்கின்றன. உங்கள் கேள்விக்கு "ஆம்", "இல்லை" என்றோ ஓர் எண்ணாகவோ விடை சொல்ல முடிந்தால், அது இந்த முறைக்கான கேள்வி அல்ல, மாற்றி எழுதுங்கள். பொதுவாக மூன்று நான்கு முறை எழுதிக் கிழித்த பிறகே உருப்படியாக ஒன்று நிற்கும்.

இரண்டாவது: எந்த வழியில் திரட்டுவது

நடந்து முடிந்த அனுபவத்துக்கு நேர்காணல், கண்முன் நடக்கும் செயலுக்கு உற்றுநோக்கல், ஊர்ப் பொதுவான பழக்கத்துக்குக் குழு உரையாடல் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். குழு உரையாடலில் எனக்கு ஓர் ஐயம் எப்போதும் உண்டு: நம் ஊர்களில் எட்டுப் பேரை வட்டமாக உட்கார வைத்தால், நிலம் வைத்திருப்பவரும் கட்சியில் இருப்பவரும் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சாதி, பாலினம், சம்பளம் பற்றியது என்றால் தனித்தனியாகவே கேளுங்கள்.

மூன்றாவது: யார், எத்தனை பேர்

இங்கே குலுக்கல் முறை தேவையில்லை. உங்கள் கேள்விக்கு விடை தெரிந்தவர்களை, அவர்களுக்குள் வேறுபாடு இருக்கும்படி, நீங்களே தெரிந்தெடுக்க வேண்டும். தலைமடை விவசாயி ஒருவரைப் பார்த்தால் கடைமடையில் ஒருவர், சொந்த நிலம் உள்ளவரைப் பார்த்தால் குத்தகைக்காரர் ஒருவர். புதிய செய்தி எதுவும் வராமல், கேட்டதையே மீண்டும் கேட்கும் நிலை வரும்போது நிறுத்தலாம். கெஸ்ட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கு ஆப்பிரிக்காவில் தாங்கள் எடுத்த 60 நேர்காணல்களைத் திரும்பப் பார்த்தபோது, முதல் 12இலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் கண்டார்கள். இதைச் சட்டமாக எடுத்துக்கொண்டு பன்னிரண்டாவது வீட்டோடு பையைக் கட்டிவிடாதீர்கள்; அவர்கள் பார்த்தது ஓரளவு ஒரே வகையான மக்களை. ஆனால் "குறைந்தது 200 பேர் வேண்டாமா?" என்று கேட்கும் நெறியாளரிடம் எடுத்துச் சொல்ல இது உதவும்.

நான்காவது: ஒப்புதல்

மருத்துவம், செவிலியம் சார்ந்த ஆய்வு என்றால் நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒருவரையும் கேட்கக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளை ஒருமுறையாவது படியுங்கள். மற்றத் துறைகளிலும், ஆய்வு எதைப் பற்றியது, பதிவு செய்யப்போகிறோமா, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்பவற்றை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் பெற்றோரின் ஒப்புதலும் பிள்ளையின் விருப்பமும் இரண்டும் தேவை.

தேயிலைத் தோட்டங்களில் ஒரு சிக்கல் கூடுதலாக உண்டு. லயத்துக்குள், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்குள், போக நிர்வாகத்திடம் அனுமதி கேட்டால், நிர்வாகம் அனுப்பிய ஆள் என்று தொழிலாளர்கள் நினைப்பார்கள். கேட்காமல் போனால் வெளியே அனுப்பப்படலாம். எழுத்தில் அனுமதி பெற்றுவிட்டு, நேர்காணலை லயத்துக்கு வெளியே, அவர்கள் சொல்லும் இடத்தில், கொழுந்து எடுத்துத் திரும்பிய பிறகோ ஞாயிற்றுக்கிழமையோ வைத்துக்கொள்வது நல்லது. பெயரை மாற்றிவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். "கோவிந்தாபுரம் சோதனைச் சாவடி அருகே டீக்கடை வைத்திருக்கும் கைம்பெண்" என்று எழுதினால், என்ன பெயர் வைத்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும். கடையைத் தையற்கடை ஆக்குங்கள், ஊரை மாற்றுங்கள், அல்லது அந்த அடையாளத்தையே விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது: கேட்பது

"நீர்ப்பங்கீடு குறித்துத் தங்கள் கருத்து என்ன?" என்று கேட்டால் அரசியல்வாதியின் பேட்டி கிடைக்கும். "கடைசியா தண்ணி வந்த நாள் காலையில இருந்து என்னென்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க" என்று கேட்டால் அந்த நாள் கிடைக்கும். கருத்தைக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். அதிலிருந்து கருத்து தானாக வரும். தமிழ் வீட்டில் அக்கா, ஐயா என்றும், மலையாள வீட்டில் சேச்சி, சேட்டா என்றும் முறை வைத்து அழைப்பது சிறிய விஷயம் போலத் தெரிந்தாலும், படிவத்தோடு வந்த அரசு ஆள் அல்ல நீங்கள் என்பதை அதுதான் முதலில் சொல்கிறது. அவர் நிறுத்தினால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். ஐந்து நொடி பொறுங்கள். முக்கியமான வாக்கியம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகே வரும்.

ஃபோனில் பதிவு செய்பவர்கள் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் அழைப்பு வந்து பதிவு அறுந்துவிடும். மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டாம். எஃகு டம்ளரை ஃபோன் வைத்த மேசையில் வைக்கவே வேண்டாம். காதில் இடி விழுவது போல் கேட்கும்.

ஆறாவது: அன்றிரவே எழுதுவது

பதிவில் குரல் மட்டுமே இருக்கும். மாமியார் உள்ளே வந்ததும் பேச்சு மாறியதும், "கடன்" என்றபோது அவர் வாசலைப் பார்த்ததும் உங்கள் நினைவில் மட்டுமே இருக்கும். தூங்கி எழுந்தால் பாதி போய்விடும். அன்றிரவே களக்குறிப்பு எழுதுங்கள். பார்த்ததை ஒரு பக்கத்திலும், நீங்கள் ஊகித்ததை வேறு பக்கத்திலும் எழுதுங்கள். இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள், இரண்டும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம். மைசூருக்கு அருகே ராம்புரா என்ற ஊரில் 1948இல் களப்பணி செய்த சமூக மானிடவியலர் எம். என். சீனிவாஸ், பல ஆண்டுகள் பாடுபட்டு ஒழுங்குபடுத்திய குறிப்புகளின் மூன்று படிகளையும் ஸ்டான்ஃபோர்டில் ஒரே அறையில் வைத்திருந்தார். 1970இல் அங்கு வைக்கப்பட்ட தீயில் மூன்றும் எரிந்துபோயின. நினைவிலிருந்தே அவர் ஒரு சிறந்த நூலை எழுதிவிட்டார். நமக்கு அந்த நினைவாற்றல் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

ஏழாவது: எழுத்துப்படி

இங்கேதான் நான் சறுக்கினேன். என் முதல் களப்பணியில், கால்வாய்ப் பாசனம் பற்றி ஒரு முதியவரிடம் பேசிவிட்டு வந்தேன். என்னிடம் பதிவுக் கருவி இல்லாத காலம், இரவு விளக்கில் உட்கார்ந்து நல்ல தமிழில் எழுதினேன்: "அந்த ஆண்டு வெள்ளம் வந்தும் தப்பித்தோம், கடனையும் அடைத்தோம்." வெள்ளச் சேதம் என்று ஒரு தலைப்புப் போட்டு அதன் கீழ் இதைச் சேர்த்தும் வைத்தேன். இரண்டு மாதம் கழித்து வேறொரு காரணத்துக்காக அவரிடம் மறுபடி போனபோது, அந்த வெள்ளத்தில் எவ்வளவு நட்டம் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நட்டமா? வெள்ளம் வந்ததுனாலதானுங்க தம்பி தப்பிச்சோம். வரலீனா கடன எப்படிக் கட்டியிருப்போம்?"

மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். மலையாளத்தோடு புழங்கியவர் கால்வாய்த் தண்ணீரை அப்படிச் சொன்னார். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையனான நான் பெருக்கு என்று கேட்டுக்கொண்டேன். கேட்டது என் எண்ணத்துக்கு ஒத்துவராததால், அவர் சொன்ன "வந்ததுனால" என்பதை "வந்தும்" என்று நானே திருத்தியும் விட்டேன். திருத்தியது எனக்கே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். நூறு படிவங்களில் "வெள்ளத்தால் பாதிக்கப்பட்டீர்களா?" என்று அச்சடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு. செவிலிய மாணவர்களுக்கு இதே குழி "பனி" என்ற சொல்லில் காத்திருக்கிறது: தமிழில் அது குளிர்காலத்து ஈரம், மலையாளத்தில் காய்ச்சல்.

ஆகவே, அவர் சொன்ன சொல்லைச் சொன்னபடியே, கொச்சையோடும் மலையாளத்தோடும் எழுதுங்கள். ஆய்வேட்டுத் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாற்றுவதைக் கடைசிக் கட்டத்துக்குத் தள்ளுங்கள். மாற்றும்போதும் மூலத்தைப் பக்கத்தில் வைத்திருங்கள். ஒரு மணி நேரப் பதிவை எழுத எனக்கு ஆறு மணி நேரம் பிடிக்கும். கால அட்டவணை போடும்போது இதைக் கணக்கில் சேர்க்காத மாணவர்கள்தான் கடைசி மாதத்தில் தவிக்கிறார்கள்.

எட்டாவது: குறியிடல்

எழுத்துப்படியை வரிவரியாகப் படித்து, ஒவ்வொரு துண்டும் எதைப் பற்றியது என்று ஓரத்தில் சிறு பெயர் இடுவதுதான் குறியிடல். பள்ளிச் சேர்க்கை பற்றிய ஆய்வில் ஒரு தாய், "தமிழ்ல படிச்சா நான் சொல்லிக் குடுப்பேன், மலையாளத்துல படிச்சா வேலைக்கு ஆகும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். "மொழிப் பிரச்சினை" என்று பெயரிட்டால் ஒன்றும் கிடைக்காது. "தாய் உதவக்கூடிய மொழி", "வேலைக்கான மொழி" என்று இரண்டாகப் பிரித்தால், வீட்டுக்கும் எதிர்காலத்துக்கும் இடையில் அவர் நிற்பது தெரியும். இப்படிச் சேர்ந்த பெயர்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, அவற்றிலிருந்து கருப்பொருள்களை உருவாக்க வேண்டும். பிரானும் கிளார்க்கும் 2006இல் உளவியல் துறைக்காக எழுதிய ஆறு கட்ட முறை புதியவருக்கு எளிது. இன்று செவிலியம் முதல் மேலாண்மை வரை பலரும் அதைப் பின்பற்றுகிறார்கள். மென்பொருள் வேண்டுமென்றால் டாகெட், குவால்கோடர் ஆகிய இரண்டும் இலவசம். முதல் மூன்று நேர்காணல்களை மட்டும் தாளில் அச்செடுத்து வண்ணப் பேனாவால் செய்யுங்கள்; திரையில் கண் வழுக்கிக்கொண்டு போகும்.

ஒன்பதாவது: "இதை எப்படி நம்புவது?"

வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். ஆய்வுமுறை பற்றி எழுதிய லிங்கனும் கூபாவும் 1985இல் இதற்கென்று தனி அளவுகோல்களை முன்வைத்தார்கள்: கண்டது நம்பத்தக்கதா, வேறிடத்துக்குப் பொருந்துமா என்று வாசகர் தாமே முடிவு செய்யும் அளவுக்கு விவரம் இருக்கிறதா, செய்த வழி பின்தொடரக்கூடியதா, முடிவு தரவிலிருந்து வந்ததா ஆய்வாளரின் விருப்பத்திலிருந்து வந்ததா. நடைமுறையில் இதற்கு மூன்று பழக்கங்கள் போதும். உங்கள் முடிவுக்கு மாறாகப் பேசிய ஒருவரையாவது ஆய்வேட்டில் இடம்பெறச் செய்யுங்கள். எந்த முடிவை எந்த நாளில் ஏன் எடுத்தீர்கள் என்று தனி நோட்டில் குறித்து வாருங்கள். நீங்கள் அந்த ஊர்க்காரரா, எந்தச் சாதி, எந்த மொழி, யார் அறிமுகத்தில் போனீர்கள் என்பதையும் ஒளிக்காமல் எழுதுங்கள். சொந்த ஊரில் ஆய்வு செய்வதால் திறக்கும் கதவுகளும் உண்டு, அதனாலேயே மூடிக்கொள்ளும் கதவுகளும் உண்டு.

பத்தாவது: எழுதியதை எடுத்துக்கொண்டு திரும்பிப் போவது

ஆய்வேட்டை ஒப்படைப்பதற்கு ஒரு மாதம் முன்பாவது, உங்களிடம் பேசியவர்களில் மூன்று நான்கு பேரிடம் போய், அவர்களைப் பற்றிய பகுதியைப் பேச்சுத் தமிழில் சொல்லிக் காட்டுங்கள். முழு இயலையும் வாசிக்க வேண்டாம். யாருக்கும் பொறுமை இருக்காது. ஒப்புக்கொள்ள வைப்பதற்காகப் போகவும் வேண்டாம். அவர் "அப்படி இல்ல" என்றால், உங்கள் விளக்கத்தை அழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் மறுத்ததையும் சேர்த்து எழுதிவிடலாம்.

நான் அந்த முதியவரிடம் திருத்திய பக்கத்தோடு போனேன். கால்வாய் பற்றி எழுதியதைக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். பிறகு, "பக்கத்துக் காட்டுக்காரர் முறை தவறித் தண்ணீர் திறந்தார்" என்ற வரி வந்ததும் கையைத் தூக்கி நிறுத்தினார். "தவறின்னு போடாதீங்க தம்பி. எங்கிட்டக் கேட்டுட்டுத்தான் தெறந்தாரு." அதற்குப் பிறகு அரைமணி நேரம், பதிவேட்டில் இல்லாத, இரண்டு வயல்களுக்கு இடையிலான தண்ணீர்க் கடன் கணக்கு ஒன்றைச் சொன்னார். என் ஆய்வேட்டின் நான்காம் இயல் அதுதான்.